பத்து மணிவரை காலி

கோவிட்டுக்கு முந்தைய ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் டப்ளின்–பிளசன்டன் போன்ற ஒரு கடைசி நிலையத்துக்குக் காலை எட்டரை மணிக்குக் காரில் வந்தவருக்குப் பெரும்பாலும் இடம் கிடைக்காது. அடுக்கு மாடி நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு தளமாக ஏறி, சுற்றி, இறங்கி வருவார். வழியில் ரயில் வாசலுக்குப் பக்கத்திலேயே சில வரிசைகள் வெறுமனே கிடக்கும். பெர்மிட் உள்ளவர்களுக்கு மட்டும், காலை பத்து மணிவரை என்று பலகை சொல்லும். மீறி நிறுத்தினால் அபராதச் சீட்டு. வண்டியையே இழுத்துப் போகவும் கூடும், செலவு வண்டிக்காரருடையது என்ற எச்சரிக்கையும் இருக்கும்.

இந்த இடத்தில் பிறக்கும் கோபம் எளிமையானது. ரயில்வேக்கு வரி கட்டுகிறேன், பயணச் சீட்டு வாங்குகிறேன், நிறுத்தக் கட்டணம் தரவும் தயார், கண்ணெதிரே இடம் இருக்கிறது, ஆனால் நிறுத்தக் கூடாதாம். ஃப்ரீமாண்ட், யூனியன் சிட்டி, டப்ளின் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது பழகிய எரிச்சல்தான். கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அது பாய வேண்டிய இடம் வேறு. பெர்மிட் வழியே இடத்தை முன்பதிவு செய்யும் ஏற்பாட்டில் தவறு குறைவு. அந்த உரிமையை மலிவாக விற்றுவிட்டு, அதைக் காப்பாற்ற மிகக் கடுமையான ஆயுதத்தைக் கையில் வைத்திருப்பதில்தான் தவறு இருக்கிறது.

பார்ட் எனப்படும் இந்த ரயில் அமைப்புக்கு 1962இல் சான் பிரான்சிஸ்கோ, அலமேடா, கான்ட்ரா கோஸ்டா ஆகிய மூன்று கவுன்டிகளின் வாக்காளர்கள் கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் தந்தார்கள். முதல் ரயில் 1972 செப்டம்பர் 11 அன்று ஓடியது. நகருக்குள் அதற்குச் சுரங்கப்பாதை முகம். புறநகரில் நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும், பெரிய கார் மைதானங்கள் சூழ்ந்த நிலையங்கள். புறநகர்க்காரர்கள் வரி கொடுக்கச் சம்மதித்ததில் அந்த மைதானங்களுக்கும் பங்கு உண்டு. காரில் வா, இலவசமாக நிறுத்து, ரயிலில் ஏறு என்பது கிட்டத்தட்ட ஓர் ஒப்பந்தமாகவே இருந்தது. முப்பது ஆண்டுக் காலம் பெரும்பாலான நிலையங்களில் அப்படியே நடந்தது. மாதாந்திர முன்பதிவு பெர்மிட் 2002இன் இறுதியில்தான் வந்தது. அன்றாடக் கட்டணம் அதன்பின் ஒவ்வொரு நிலையமாகப் பரவியது. இலவசமாக இருந்ததற்கு விலை வந்தபோது எழுந்த கசப்பில் ஒரு பகுதி இன்றைய கோபத்திலும் கலந்திருக்கிறது.

ஒரு சிறு கணக்கு. பார்ட்டிடம் இருப்பவை ஏறத்தாழ 47,000 இடங்கள். 2019 வாக்கில் ஒரு வேலைநாளில் நான்கு லட்சத்துக்கு மேல் பயணங்கள் நடந்தன. ரயில் நிலையத்தில் கார் நிறுத்தும் இடம் கடைத்தெருவில் இருப்பதைப் போன்றதல்ல. கடைத்தெருவில் ஓர் இடத்தில் ஒரே நாளில் ஏழெட்டு வண்டிகள் வந்துபோகும். நிலையத்தில் காலை ஏழு மணிக்கு வந்த வண்டி மாலை ஆறுவரை நகராது. ஆக ஓர் இடம் ஒரு நாளில் ஒருவருக்குத்தான் பயன்படும், போக வர இரண்டு பயணங்கள். எல்லா இடமும் நிரம்பினாலும் அவற்றால் வரும் பயணங்கள் மொத்தத்தில் கால்வாசியைக்கூட எட்டாது. மீதிப் பேர் நடந்தோ, பஸ்ஸிலோ, சைக்கிளிலோ, யாரோ கொண்டுவந்து இறக்கிவிட்டோ வருகிறார்கள். நிறுத்துமிடச் சண்டையில் சத்தம் பெரிதாக இருந்தாலும் அது பயணிகளில் ஒரு சிறுபான்மையின் சண்டை என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தச் சிறுபான்மைக்குள்ளேயே யாருக்கு இடம்? முன்பதிவே வேண்டாம், முந்தி வந்தவருக்கு முதல் இடம் என்று வைத்துவிடலாமே என்பது அடிக்கடி கேட்கும் யோசனை. கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அதன் பலன் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். ஏழு மணிக்கே மைதானம் நிரம்பிவிடும் நிலையத்தில் ஆறரைக்கு வரக்கூடியவர் வெல்கிறார். எட்டு மணிக்குப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்ற தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த விளையாட்டில் இடமே இல்லை. வயதான பெற்றோருக்குக் காலை மருந்து கொடுத்துவிட்டு வருகிறவரும் தோற்கிறார். ‘முந்தி வந்தவர்’ முறையிலும் விலை உண்டு. அதைத் தூக்கத்தாலும் நேரத்தாலும் கட்டுகிறோம், அந்த நாணயம் எல்லோர் பையிலும் ஒரே அளவில் இல்லை. முன்பதிவு விற்பது இடத்தை அல்ல, தாமதமாக வரும் உரிமையை. ஒன்பதே காலுக்கு வந்தாலும் இடம் இருக்கும் என்ற உறுதியை. அந்த உறுதி உண்மையாக இருக்க வேண்டுமானால் ஒன்பது மணிக்குச் சில இடங்கள் காலியாக இருந்தே தீர வேண்டும். வாஷிங்டன் மெட்ரோவும் இதே பத்து மணிக் கோட்டைத்தான் வைத்திருந்தது. காலை நெரிசல் ஓய்ந்த பிறகு காத்திருப்பதில் பயனில்லை, ஆகவே அப்போது திறந்துவிடுகிறார்கள்.

எத்தனை இடங்கள் காலி என்பதில்தான் கோளாறு. பத்து இருந்தால் அது காப்பு. ஐம்பது இருந்தால் வீண். வீணுக்குக் காரணம் மாத பெர்மிட் விற்கப்பட்ட விதம். 2013இல் பார்ட் வாரியம் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிலையத்தையும் பார்ப்பார்கள். இடம் 95 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் அன்றாடக் கட்டணம் 50 சென்ட் ஏறும், குறைந்தால் இறங்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் அரசியல் உடனே ஒரு மூடியைப் போட்டது: அன்றாடக் கட்டணம் 3 டாலரைத் தாண்டக் கூடாது, மாத பெர்மிட் 105 டாலரைத் தாண்டக் கூடாது, வெஸ்ட் ஓக்லாண்ட் மட்டும் விதிவிலக்கு. நிரம்பி வழிந்த நிலையங்கள் மளமளவென மூன்று டாலரைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டன. மைதானங்கள் தொடர்ந்து விடிந்ததும் நிரம்பிக்கொண்டே இருந்தன, விலை மட்டும் அசையவில்லை.

105 டாலரை ஒரு மாதத்தின் 21 வேலைநாட்களால் வகுத்தால் நாளுக்கு 5 டாலர். சான் பிரான்சிஸ்கோ நகர மையத்தில் ஒரு நாள் முழுக்கக் கார் நிறுத்துவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை. விளைவு, காத்திருப்போர் பட்டியல். ஒரு பொருளுக்கு மாதக்கணக்கில் வரிசை நிற்கிறது என்றால் அதன் விலை தவறு என்று அர்த்தம். பட்டியலில் நின்று ஒருமுறை பெர்மிட் கிடைத்தவர் அதை விடமாட்டார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனாலும் விடமாட்டார், விட்டால் திரும்பக் கிடைக்காதே. நம்மூரில் பழைய வாடகையில் பிடித்த கடையைப் பூட்டிப் போட்டாவது சாவியைத் திருப்பித் தராமல் வைத்திருப்பவரின் மனநிலைதான். இப்படித்தான் ஒரே நிலையத்தில் ஒரே நேரத்தில் பெர்மிட்டுக்கு வரிசையும் பெர்மிட் வரிசையில் காலி இடமும் சேர்ந்து நிற்க முடிகிறது.

வெஸ்ட் ஓக்லாண்டை இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். விரிகுடாவுக்கு அடியில் செல்லும் குழாய்க்குள் ரயில் நுழையும் முன் கடைசி நிறுத்தம் அது. ஏறினால் பத்து நிமிடத்துக்குள் சான் பிரான்சிஸ்கோவின் நிதி மையம். பாலத்துச் சுங்கத்தையும் நெரிசலையும் தவிர்க்க நினைக்கும் எல்லோரும் அங்கே வருவார்கள். மூடி இல்லாததால் கட்டணம் மற்ற நிலையங்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. வானம் இடிந்து விழவில்லை, ரயிலும் காலியாக ஓடவில்லை.

விலையை ஏற்றி இறக்கும் இந்தச் சிந்தனைக்கு நீண்ட மரபு உண்டு. பின்னாளில், 1996இல், பொருளாதார நோபல் பெற்ற வில்லியம் விக்ரி 1950களிலேயே சாலையோர நிறுத்தத்துக்குத் தேவைக்கேற்ற விலை வேண்டும் என்று வாதிட்டார். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் நகரத் திட்டமிடல் கற்பித்த டொனால்ட் ஷூப் 2005இல் வெளியிட்ட ‘தி ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்’ அதைப் பெரிய இயக்கமாகவே மாற்றியது. தெருவில் ஏழெட்டு இடத்துக்கு ஒன்றாவது எப்போதும் காலியாக இருக்கும்படி விலை இருக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 85 சதவீத நிறைவு என்பது அவர் சொன்ன அளவுகோல். சான் பிரான்சிஸ்கோ நகரமே 2011இல் தன் தெருக்களில் இதைச் சோதித்துப் பார்த்தது. பார்ட் எடுத்துக்கொண்ட 95 சதவீதம், ஷூப்பின் அளவுகோலைக்கொண்டு பார்த்தால், கிட்டத்தட்ட முழுசும் நிரம்பிய நிலைதான். விலை அசையும் முன்பே ஓட்டுநர் இடமில்லாமல் சுற்றத் தொடங்கிவிடுவார். ஷூப்பின் சிந்தனை வேர் நிலத்தின் மதிப்பு சமூகத்துக்கே என்று சொன்ன ஹென்றி ஜார்ஜிடம் இருக்கிறது. ஜார்ஜ் தன் ‘புராக்ரஸ் அண்ட் பாவர்ட்டி’ நூலை 1870களின் இறுதியில் எழுதியது இதே சான் பிரான்சிஸ்கோவில்.

விலையை ஏற்றினால் ஏழை என்ன செய்வார் என்ற கேள்வி உடனே வரும். வர வேண்டும். வாடகைக்குப் பயந்து ஆன்டியாக்வரை போய்க் குடியேறியவருக்கு மூன்று டாலர் ஆறாவது சிறிய விஷயமல்ல. 2018 மே மாதம் ஆன்டியாக் நிலையம் திறந்தபோது அதன் மைதானம் முதல் நாட்களிலேயே விடியற்காலையில் நிரம்பியது. பிறகு கூடுதல் மைதானம் கட்ட வேண்டியிருந்தது. அங்கே வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடக்கிற தூரம் இல்லை, பஸ்ஸும் அடிக்கடி இல்லை. ‘காரை விடு’ என்று அவருக்கு உபதேசம் செய்வது அபத்தம். ஆனாலும் எல்லோருக்கும் மலிவான நிறுத்தம் என்பது ஏழைக்கு உதவும் வழிகளிலேயே மிக மோசமானது. பஸ்ஸில் வரும் ஏழைக்கு அதில் ஒரு காசும் போய்ச் சேராது. காரில் வருபவர்களுக்குள்ளும் பட்டியலில் முதலில் சேர்ந்தவருக்கே போகும். வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தில் கழிவு தருவது கைக்கெட்டாத காரியமும் அல்ல. ரயில் கட்டணத்துக்கு அப்படி ஒரு சலுகைத் திட்டம் விரிகுடாப் பகுதியில் 2020 முதல் இருக்கிறது.

இன்னொரு மாடி கட்டிவிடலாமே என்பாரும் உண்டு. அடுக்கு நிறுத்துமிடத்தில் ஓர் இடம் கட்டப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். நாளுக்கு மூன்று டாலர் வசூலித்தால் முதலை எடுக்க எத்தனை பத்தாண்டு ஆகும் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கட்டினாலும் நிரம்புமா என்பது சூதாட்டம். 2003இல் விமான நிலையத்தை நோக்கிப் பாதை நீண்டபோது மில்பிரேயில் சுமார் மூவாயிரம் கார்களுக்கான கட்டடம் எழுந்தது. எதிர்பார்த்த பயணிகள் வரவில்லை. பல ஆண்டுகள் அதன் மேல்தளங்கள் வெயில் காய்ந்தன.

இனி இழுவை வண்டி.

அமெரிக்காவில் ‘டோ’ என்ற சொல்லுக்கு ஒரு தனி நடுக்கம் உண்டு. அபராதச் சீட்டு என்பது கண்ணாடியில் செருகிய ஒரு காகிதம். பணத்தைக் கட்டினால் தீர்ந்தது. டோ அப்படியல்ல. இரவு ஏழு மணிக்கு ரயிலிலிருந்து இறங்கி வருகிறவருக்கு வண்டியே இல்லை. திருட்டா, இழுவையா என்றே முதலில் தெரியாது. இழுவைக் கிடங்கு எங்கோ தொழிற்பேட்டை ஓரத்தில் இருக்கும், போய்ச் சேரவே டாக்சிக்குக் காசு. ஒவ்வொரு நாளுக்கும் சேமிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். கலிஃபோர்னியாவின் சட்ட உதவி அமைப்புகள் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, சராசரி இழுவைக் கட்டணம் 189 டாலர், நிர்வாகக் கட்டணம் 150 டாலர், கிடங்கு வாடகை நாளுக்கு 53 டாலர் என்று கணித்தது. மூன்று நாள் கழித்து மீட்டால் ஏறக்குறைய 500 டாலர். ஐந்து டாலர் பெறும் ஓர் உரிமையை மீறியதற்கு நூறு மடங்கு. கட்ட முடியாதவர் வண்டியையே இழக்கிறார், வண்டியோடு சில சமயம் வேலையையும்.

நியாயமாகச் சொன்னால், பார்ட் தன் சொந்த மைதானங்களில் முதலில் நீட்டுவது சீட்டைத்தான். டோ ஆபத்து கூடுவது பக்கத்தில். நிலையத்தில் இடம் கிடைக்காதவர் அடுத்துள்ள கடை வளாகத்திலோ குடியிருப்பின் நிறுத்துமிடத்திலோ விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார். ஒரே கட்டடத்தில் ஒரு தளம் ரயில்காரர்களுக்கு, இன்னொரு தளம் குடியிருப்பவர்களுக்கு என்றிருந்தால் குழப்பம் இன்னும் அதிகம். அங்கே நில உரிமையாளர் ஓர் இழுவை நிறுவனத்தோடு ஏற்பாடு செய்திருப்பார். அவருக்குச் செலவே இல்லை. கூலி முழுவதையும் கொடுப்பவர் வண்டியை இழந்தவர். எத்தனை வண்டி இழுக்கிறோமோ அவ்வளவு வரும்படி என்ற தொழில் எப்படி நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் கலிஃபோர்னிய வாகனச் சட்டத்தின் 22658ஆம் பிரிவு இவ்வளவு நீளம். ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு மோசடிக்குப் போட்ட பூட்டு. எச்சரிக்கைப் பலகை குறைந்தது 17 அங்குலத்துக்கு 22 அங்குலம் இருக்க வேண்டும், எழுத்து ஓர் அங்குல உயரமாவது வேண்டும், காவல்துறையின் தொலைபேசி எண் அதில் இருக்க வேண்டும். நில உரிமையாளரோ அவருடைய ஆளோ, தீயணைப்பு வழி மறிப்பு போன்ற சில நிலைகள் தவிர, அந்தக் குறிப்பிட்ட வண்டிக்குக் கையெழுத்திட்டால்தான் இழுக்கலாம். இழுவை நிறுவனத்திடமிருந்து நில உரிமையாளர் கமிஷன் வாங்கக் கூடாது. கொக்கி மாட்டிவிட்டார்கள், ஆனால் வண்டி இன்னும் அந்த நிலத்தைவிட்டு வெளியேறவில்லை என்றால் வண்டிக்காரர் கேட்டதும் விட்டாக வேண்டும். அப்போது வசூலிக்கக்கூடியது வழக்கமான கட்டணத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. பொது அமைப்பு இழுத்த வண்டி என்றால் 22852ஆம் பிரிவின்படி பத்து நாட்களுக்குள் விசாரணை கேட்கலாம். இந்த உரிமைகளில் பாதி, நடுத்தெருவில் நிற்பவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வராது என்பது வேறு விஷயம்.

நீதிமன்றங்களும் நகர்ந்திருக்கின்றன. 2005இல் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓரிகன் மாநில வழக்கு ஒன்றில், அரசு ஒரு காரை இழுத்துச் செல்வது அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் சொல்லும் கைப்பற்றலே என்றது. வெறும் விதிமீறல் நடந்தது என்பது போதாது, பொதுப் பாதுகாப்புக்கோ போக்குவரத்துக்கோ அதை அகற்றும் தேவை இருக்க வேண்டும். 2023இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு எதிரான வழக்கில், பாதுகாப்பாக, சட்டப்படி நிற்கும் வண்டியைப் பழைய சீட்டுகளின் பாக்கிக்காக மட்டும் ஆணையின்றி இழுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இரண்டு வழக்குமே ரயில் நிலைய பெர்மிட் வரிசையைப் பற்றியவை அல்ல. ஆனாலும் அந்தத் தர்க்கத்தை இங்கே நீட்டிப் பார்க்கலாம். வேறொருவர் காசு கொடுத்த இடத்தில் நிற்கும் கார் அவருக்கு எரிச்சல் தருகிறது, ஒருவேளை அவருடைய ரயிலைத் தவறவிடச் செய்கிறது. யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லை. தீயணைப்பு வழி, மாற்றுத்திறனாளிகளுக்கான இடம், பஸ் வளைவு ஆகியவற்றை மறித்தால் இழுக்கட்டும். பெர்மிட் இடத்துக்கு, அன்றைய ஒற்றை நாள் முன்பதிவின் பல மடங்கு அபராதமே போதும். அதைப் பாதிக்கப்பட்ட பெர்மிட்காரருக்கு ஈட்டுத்தொகையாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. இன்றைய முறையில் இடத்தை இழந்தவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

மாத பெர்மிட்டைவிட ஒற்றை நாள் முன்பதிவுதான் எதிர்காலம் என்று தோன்றுகிறது. நாளைக்கு வருவேனா என்று இன்று இரவு தெரிந்தவர் இன்று இரவு வாங்குவார். வராதவரின் பேரில் எந்த இடமும் காத்துக் கிடக்காது. விமான நிறுவனங்கள் செய்வதைப்போல், எத்தனை பேர் வராமல் போவார்கள் என்று கணித்து இருப்பதைவிடச் சற்று அதிகம் விற்கவும் முடியும். முன்பெல்லாம் இடத்தின் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு போய், பயணச் சீட்டு வாயிலுக்கு உள்ளே இருந்த எந்திரத்தில் தட்டிப் பணம் கட்ட வேண்டும். ரயிலில் ஏறாதவர் நிறுத்திவிட்டுப் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. இன்று செயலியில் நடக்கும் வேலை அது. பத்து மணி என்ற ஒரே கோட்டை எல்லா நிலையத்துக்கும் எல்லா நாளுக்கும் போட வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை.

ஆனால் கேள்வியே இதற்கிடையில் மாறிவிட்டது. 2020 ஏப்ரலில் பார்ட் பயணிகள் எண்ணிக்கை முந்தைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. பிறகு ஏறியும் பாதியை எட்டத் திணறியது. விடிந்ததும் நிரம்பிய மைதானங்களில் இப்போது நண்பகலில் நடைப்பயிற்சி போகலாம். கூடவே வீட்டுப் பஞ்சம். 2018இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட ஏ.பி. 2923 சட்டம், நிலையங்களை ஒட்டிய பார்ட் நிலங்களில் அடர்த்தியான குடியிருப்புக்கு வழிவிடும்படி உள்ளூர் நகராட்சிகளைக் கட்டாயப்படுத்தியது. ஏக்கருக்கு 75 வீடுகள் என்பது அதன் அடிப்படை அளவு. அதே ஏக்கரில் தரைமட்டமாக நூற்றுச் சொச்சம் கார்கள் நிற்கும். பெர்க்லியின் ஆஷ்பி, நார்த் பெர்க்லி மைதானங்கள் இந்தப் பட்டியலில் வந்துவிட்டன. இது புதிதும் அல்ல. ஓக்லாண்டின் ஃப்ரூட்வேலில் 1991இல் பார்ட் ஓர் அடுக்கு நிறுத்துமிடம் கட்ட நினைத்தபோது, அது ரயிலையும் கடைத்தெருவையும் பிரித்துவிடும் என்று லத்தீன் அமெரிக்கச் சமூகத்தவர் எதிர்த்தார்கள். யூனிட்டி கவுன்சில் அமைப்பு முன்னின்று போராடியதில் அங்கே 2004இல் வீடும் மருத்துவமனையும் நூலகமும் கொண்ட வளாகம் எழுந்தது.

மைதானத்தை எடுத்தால் எடுத்த இடத்துக்கெல்லாம் புது இடம் கட்டித் தர வேண்டும் என்பது முன்பு பார்ட் பின்பற்றிய விதி. கலிஃபோர்னியாவின் போமோனாவில் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் வில்சன் 2005இல் பார்ட்டுக்காகச் செய்த ஆய்வு அந்த விதியைக் கேள்விக்குள்ளாக்கியது: ஒவ்வொரு நிலையத்திலும் கார் இடத்துக்கு ஆகும் செலவையும் வீடு கட்டினால் வரும் பயணிகளையும் எடைபோட்ட பிறகே எத்தனை திருப்பிக் கட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும் என்றது. வீடு கட்டினால் அதில் குடியிருப்பவர் நடந்து வந்து ரயிலேறுவார். அவருக்குப் பெர்மிட் தேவையில்லை. ஆனால் ஆன்டியாக், டிரேசி போன்ற தொலைவான ஊர்களிலிருந்து வருகிறவர் இன்னும் கொஞ்ச காலம் காரில்தான் வருவார். மைதானங்கள் சுருங்கச் சுருங்க மிஞ்சிய இடங்களின் மதிப்பு ஏறும், பயணிகள் திரும்பினால் காத்திருப்போர் பட்டியலும் திரும்பும்.

அதனால் நாளுக்கு நாள் மாறும் விலைக்குப் போவதற்கும், டோவை வழிமறிப்புகளுக்கு மட்டும் ஒதுக்குவதற்கும், வருமானச் சலுகையை நிறுத்தத்துக்கும் நீட்டுவதற்கும் ஏற்ற காலம் இதுதான். பெர்மிட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாரியக் கூட்டத்தில் வந்து கத்துகிற கூட்டம் இப்போது மிகச் சிறியது. மைதானம் மறுபடி நிரம்பிய பிறகு முயன்றால் 2013இல் போட்டது போன்ற மூடியைத்தான் மறுபடியும் போட்டுக்கொண்டு வெளியே வருவார்கள்.